அன்றைக்கு மூன்று ஒன்பது மணி

என் அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்து ஒருவர் ஒரு பேச்சை ஆரம்பித்து முழுசாக முடித்ததை நான் பார்த்ததே இல்லை. நேற்று ராத்திரி பெய்த மழை இருக்கே என்று யாராவது எடுத்தால் போதும், அது ராத்திரி இல்லை விடியக்காலம், மழை இல்லை தூறல் என்று நடுவில் பாய்ந்துவிடுவார். சண்டைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். யாரையும் கை நீட்டியதில்லை, ஒரு கெட்ட வார்த்தை வாயில் வந்ததில்லை. தப்பாக ஒன்று காதில் விழுந்தால் மனுஷனுக்குப் பொறுக்காது, அவ்வளவுதான். சோற்றில் கல் கடிபட்டவர் மாதிரி முகம் ஆகிவிடும்.

நாங்கள் இருந்தது பீடோருக்குப் பக்கத்தில் ஒரு கித்தா தோட்டம். ரப்பருக்கு அங்கே கித்தா என்றுதான் பேர். ரப்பர் ஷீட்டுகளைக் கம்புகளில் தொங்கவிட்டுப் புகையில் காயவைக்கிற புகைவீட்டுக்கு அப்பாதான் மண்டோர், மேஸ்திரி மாதிரி. அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தால் அப்புறம் காத்துக்கிடக்கிற வேலைதான். அதனால் சாயங்காலம் லயத்து வீடுகளில் இருக்கும் ஆண்கள் எல்லாம் அங்கேதான் கூடுவார்கள். அவர்கள் அலசாத விஷயம் கிடையாது. வௌவால் பறவையா மிருகமா, ஆகாயக் கப்பல் மழையில் நனைந்தால் விழுந்துவிடுமா, ஐஸ்கட்டி தின்றால் உடம்புக்குச் சூடா குளிர்ச்சியா, வெள்ளைக்காரன் இத்தனை கித்தாவை அள்ளிக்கொண்டு போய் என்னதான் செய்கிறான். எல்லாவற்றுக்கும் கடைசி வார்த்தை அப்பாவுடையது. மற்றவர்களுக்கு வீட்டில் சோறு ஆறிப்போகுமே என்ற கவலை உண்டு, அவருக்கு அது கிடையாது.

அப்பாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். பேப்பர் வாங்கத்தான் வக்கில்லை. கடையில் கருவாடும் வெல்லமும் சுற்றித் தருகிற பழைய தமிழ்ப் பேப்பர்தான் எங்களுக்கு உலகச் செய்தி. சீமையில் ஒரு மந்திரி பதவியை விட்டு இறங்கினார் என்று வெல்லம் சுற்றின பேப்பரில் வந்தது. அடுத்த மாசம் கருவாட்டுப் பேப்பரில் அதே மந்திரி பதவி ஏற்றார். அவர் இல்லாமல் அங்கே ஒரு வேலையும் ஓடவில்லை, அதான் கையைக் காலைப் பிடித்துத் திரும்பக் கூட்டிவந்துவிட்டார்கள் என்று அப்பா விளக்கினார். ஆபீஸ் கிராணி ஒருவர், அது முந்தின பேப்பராக இருக்கும் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். பேப்பர் பழசாக இருக்கலாம், செய்தி புதுசு என்று அப்பா அவரையும் திருத்தி அனுப்பினார்.

கேட்க இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருக்கும். எனக்குக் கல்யாணப் பேச்சு எடுத்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. முதலில் பாரிட் புந்தாரிலிருந்து வந்தார்கள். அது நெல்லு விளைகிற பக்கம். மாப்பிள்ளையின் மாமா அங்கே வயலில் தண்ணீர் கட்டுகிற விதத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படித் தண்ணீர் கட்டினால் கதிர் மணி பிடிக்காமல் சாவியாகப் போகும் என்று அப்பா ஆரம்பித்தார். பாரிட் புந்தார் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அப்பாவுக்குத் தெரியாது. அவர் பிறந்த ஊரோ மழையை நம்பிக் கேழ்வரகு போடுகிற பக்கம். வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுச் சொல்லியனுப்புகிறோம் என்று போனார்கள். சொல்லியனுப்பவே இல்லை.

அடுத்து வந்த இடத்தில் பெரியவர் ஒருவர், டுரியான் தின்றுவிட்டுக் கள்ளுக் குடித்தால் ஆள் அந்த இடத்திலேயே செத்துவிடுவான் என்றார். நம்ம ஆளுக்கு அதற்கு மேல் உட்கார முடியுமா. எழுந்து போய் ஒரு டுரியானைப் பிளந்து கொண்டுவந்து, வந்தவர்கள் எதிரிலேயே சுளை சுளையாகத் தின்று, மேலே ஒரு போத்தல் கள்ளையும் ஊற்றிக்கொண்டு, இப்ப சொல்லுங்க என்று நின்றார். பெண் பார்க்க வந்தவர்கள் ஆளுக்கு ஆள் அவர் எப்போது விழுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா சாகவில்லை. சம்பந்தம்தான் செத்தது.

இப்படி வந்தவர்கள் வந்தபடியே போனதும் லயத்தில் வேறு மாதிரி பேச்சு கிளம்பியது. அப்பன் வாயால் போச்சு என்று யாரும் சொல்லவில்லை. பொண்ணுக்குத்தான் ஏதோ குறை, ராசியில்லாதவ என்றார்கள். தண்ணீர்க் குழாயடியில் நான் போய் நின்றால் சட்டென்று பேச்சை நிறுத்துவார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வரும். பேசினது அவர், பட்டம் எனக்கா?

மூன்றாவதாக ஈப்போவிலிருந்து ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளைக்கு மோட்டார்ப் பட்டறையில் வேலை, அவருடைய அப்பாவுக்கு ரயில்வேயில் சிக்னல் வேலை. அவர்கள் வருவதற்கு முன்னால் அம்மா ஒரு தட்டு நிறைய வெற்றிலையும் பாக்கும் கொண்டுவந்து அப்பாவின் மடிக்குப் பக்கத்தில் வைத்தாள். எதையாவது திருத்தணும்னு வந்தா ஒரு வெத்தலையை மடிச்சு உள்ள தள்ளிக்கணும், துப்பவும் கூடாது, பேசவும் கூடாது, இந்தத் தடவையும் கெடுத்தா நான் ஊருக்குக் கப்பலேறிப் போயிடுவேன் என்றாள். அப்பா பயந்துபோய்த் தலையை ஆட்டினார்.

நான் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். மாப்பிள்ளை கறுப்பு, ஒல்லி, நகக்கண்ணில் எண்ணெய்க் கறை. அவருடைய அப்பா பேசிக்கொண்டே இருந்தார், மகன் ஒவ்வொரு தடவை வாயைத் திறக்கும்போதும் கையைக் காட்டி நிறுத்தி அந்தப் பேச்சையும் தானே பேசினார். மகன் கோபப்படாமல் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். அட, நம்ம கதைதான் இந்த வீட்டிலும் என்று தெரிந்ததும் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அதை மறைப்பானேன், ரொம்பவே பிடித்துவிட்டது.

வந்த சம்பந்தி, ஈப்போவுக்குப் பக்கத்துக் குனோங் ராபாட் மலைகள் உள்ளே பூராவும் வெறும் கூடு, அடியில் கடல் ஓடுகிறது என்றார். அப்பா ஒரு வெற்றிலை போட்டார். பன்றி பாம்பைத் தின்னும், அதனால் பன்றி வளர்க்கிற சீனன் வீட்டுப் பக்கம் பாம்பே வராது என்றார். இன்னொரு வெற்றிலை. அப்பாவின் கன்னம் இரண்டும் உப்பி, கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. அம்மா கும்பிடாத சாமி இல்லை. அப்போதுதான் அந்த மனுஷர், தன் லைனில் எந்த ரயிலும் தாமதமாக ஓடியதில்லை என்று சொன்னார். அப்பா எழுந்து வாசலுக்கு ஓடி, அத்தனையையும் துப்பிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"சம்பந்தி, பீடோர் ஸ்டேஷனுக்கு ரயில் ஒருநாள்கூட நேரத்துக்கு வந்தது இல்ல. எப்பவும் அரைமணி லேட்டு. நான் சத்தியம் பண்ணுவேன்."

அம்மா அடுப்படியில் உட்கார்ந்தேவிட்டாள். ரயில்வேக்காரர் முகம் சிவந்து எழுந்தார், சட்டைப் பையிலிருந்து சங்கிலியோடு கடிகாரத்தை எடுத்தார், பாயை அப்பாவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவருக்கு எதிர்ப்பேச்சுப் பேச ஈப்போவில் ஆளே கிடைக்கவில்லை போலிருக்கிறது. ரயிலில் ஆரம்பித்துப் பாம்பு, பன்றி, மலை, கடல் என்று பொழுது சாய்கிறவரை இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திருத்தித் திருத்திக் குளிர்ந்துபோனார்கள். போகும்போது சம்பந்தி அம்மாவிடம், ஜாதகத்தை அனுப்பிவையுங்க, இந்த மனுஷனோட இன்னும் பேச வேண்டியது நிறைய இருக்கு என்றார். என் கல்யாணம் அப்படித்தான் நிச்சயமானது.

இங்கே எங்கள் மணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் தோட்டத்துத் துரை ஆபீஸ் கடிகாரத்தை அரைமணி முன்னால் தள்ளி வைத்திருந்தார். அப்போதுதான் ஆட்கள் கும்மிருட்டில் பெரட்டுக்கு வந்து பேர் கொடுத்துவிட்டு, விடிகிற நேரத்துக்குப் பால் மரத்தடியில் நிற்பார்கள். அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் ஆபீஸ் வாசலில் தொங்குகிற தண்டவாளத் துண்டில் மணி அடிப்பார்கள். லயத்தில் வேறு யாரிடமும் கடிகாரம் கிடையாது. துரைக்கு முன்னாலிருந்த துரையும் அப்படித்தான் வைத்திருந்தாராம். ஆக, மணி என்றால் எங்களுக்கு அதுதான் மணி, வெளியே வேறு மணி ஒன்று ஓடுகிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. ஸ்டேஷனில் போய் உட்கார்ந்து ரயில்காரனைத்தான் திட்டுவோம்.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை வைத்தார்கள். பெரிய வெள்ளம் வந்ததே, அதற்கு முந்தின வருஷம். எங்கள் மாரியம்மன் கோயில் பண்டாரம் பஞ்சாங்கத்தைப் பார்த்து, ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம், பன்னிரண்டுக்கு மேல் எமகண்டம் என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் முந்தின நாளே வந்து பள்ளிக்கூடக் கொட்டகையில் தங்கினார்கள். தாலி கட்டிச் சாப்பிட்டதும் அவர்கள் மத்தியான ரயிலைப் பிடிக்க வேண்டும், சம்பந்திக்குச் சாயங்காலம் வேலை.

லயத்துக்கு முன்னால் தென்னங்கீற்றுப் பந்தல். என்னைக் கொண்டுவந்து மணையில் உட்காரவைத்தார்கள். விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை, கழுத்தில் மாலை அரிக்கிறது, ஓமப் புகை கண்ணைக் கரிக்கிறது. தேங்காய் மேல் தாலியை வைத்துத் தட்டை எல்லோரும் தொட்டு ஆசீர்வாதம் பண்ணச் சபைக்குள் அனுப்பினார்கள். ஒன்பது மணி அடித்து எவ்வளவோ நேரமாச்சு, தட்டைச் சீக்கிரம் கொண்டாங்க என்று அப்பா குரல் கொடுத்தார்.

சம்பந்தி கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். இன்னும் ஒன்பது ஆகவில்லை, அதற்குள் என்ன அவசரம் என்றார். மணி அடித்தது காதில் விழவில்லையா என்று அப்பா கேட்டார். அந்த மணி தப்பு என்று சம்பந்தி சொன்னார்.

பந்தலில் எல்லாத் தலையும் ஆபீஸ் பக்கம் திரும்பியது. அந்த மணிக்குத்தான் நாங்கள் எழுந்தோம், தூங்கினோம், பிள்ளை பெற்றோம். இரண்டு பேரும் பேசப் பேசத்தான் அரைமணி வித்தியாசம் வெளியே வந்தது. தான் ரயிலைச் சொன்ன குறை ஆபீஸ் கடிகாரத்தின் குறை என்று அப்பாவுக்குப் புரிந்தது. ஆனால் ஒத்துக்கொள்வாரா? முழுத் தோட்டமும் ஒரே மணியில் ஓடுகிறது, உங்க கடிகாரம் ஒண்ணே ஒண்ணு, அப்ப எது தப்பு என்று கேட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி, அப்போ இவ பொறந்த நேரமும் தப்புத்தானே, ஜாதகத்துல லக்கினம் மாறியிருக்குமே, பொருத்தம் பார்த்தது என்னாவது என்றாள். பாவி. பாத்திரம் விளக்கக் கூப்பிட்டால் வரமாட்டாள், இதற்கு மட்டும் வாய் வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் தலைகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்தன. பொருத்தம் இல்லாமல் எப்படி என்று ஒரு குரல் கேட்டது. மணையில் உட்கார்ந்த பெண் தாலி ஏறாமல் எழுந்தால் அதற்கப்புறம் எந்த ஊரிலிருந்து யார் வருவார்கள்?

அதோடு விட்டார்களா. மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் அப்போதுதான் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து இறங்கியிருந்தார். அவர் எழுந்து, நீங்க இரண்டு பேரும் தப்பு என்றார். பஞ்சாங்கம் அச்சடித்தது நம் ஊரில், அங்கே இப்போதுதான் விடிந்திருக்கும், அங்கே ஒன்பது ஆக இங்கே இன்னும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் போக வேண்டும், நட்சத்திரம் எல்லோருக்கும் ஒன்றுதானே என்றார். இதைக் கேட்டதும் அப்பாவுக்குக் கண் பளபளத்தது. இத்தனை அருமையான விஷயம் அவருக்கு இதுவரை தட்டுப்படவே இல்லையே.

அவ்வளவுதான், பந்தல் புகைவீடாகிவிட்டது. தாலித் தட்டு போன வழியெல்லாம் நின்று நின்று போயிற்று. தொட்டுக் கும்பிட்ட ஒவ்வொருவரும் ஆசீர்வாதத்தோடு ஒரு அபிப்பிராயமும் சொன்னார்கள். சூரியன் நமக்குத்தான் முதலில் உதிக்கிறது, அதனால் முகூர்த்தமும் நமக்குத்தான் முதலில் வரும் என்றார் ஒருவர். கடல் தாண்டி வந்தால் நட்சத்திரம் பலிக்காது என்றார் இன்னொருவர். நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை மடியில் போட்டுவிட்டு, தான் வாசித்த கல்யாணங்களில் நேரம் பார்த்துக் கட்டினதெல்லாம் சண்டையில்தான் முடிந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். பண்டாரம் திரும்பி வந்த தட்டைக் கையில் பிடித்தபடி யார் பேசினாலும் ஆமாம் ஆமாம் என்றார்.

இதில் வேடிக்கை, கொஞ்ச நேரத்தில் அப்பா சித்தப்பா பக்கம் சாய்ந்து, பஞ்சாங்கம் அடித்த ஊர் மணிதான் சரி, காத்திருக்கணும் என்று பேச ஆரம்பித்துவிட்டார். அவர் அங்கே போனதும் சம்பந்தி இங்கே வந்துவிட்டார். மண்ணு எதுவோ மணியும் அதுதான், தோட்டத்துப் பொண்ணுக்குத் தோட்டத்து மணிதான் என்று தன் கடிகாரத்தையே மடியில் போட்டு மூடிக்கொண்டு வாதாடினார். இடம் மாறிவிட்டோம் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. முகத்தைப் பார்க்க வேண்டுமே, இரண்டும் தேர் பார்த்த சந்தோஷத்தில் இருந்தன. அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள், கேட்பார் இல்லை. ஆபீஸ் பக்கம் மறுபடி மணி அடித்தது. அது எத்தனை என்று எண்ணக்கூட யாருக்கும் நேரமில்லை.

எனக்கு வந்ததே கோபம். வயிறு காய்கிறது, நேரம் போகிறது, நான் ஒருத்தி இங்கே உட்கார்ந்திருப்பதே மறந்துபோய்விட்டது இவர்களுக்கு. பக்கத்தில் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கவில்லை. நெற்றியெல்லாம் வேர்வை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை அவரோடு ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

"கட்டுங்க" என்றேன்.

"இப்பவா?"

"பின்ன எப்ப? அவங்க முடிக்கவா போறாங்க?"

அவர் பண்டாரத்தின் கைத் தட்டிலிருந்து தாலியை எடுத்தார். பண்டாரம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, வெறும் தேங்காயை ஏந்திக்கொண்டு ஆமாம் என்றார். மோட்டார் முடுக்குகிற கை, சட்டென்று என் கழுத்துக்கு வந்தது. ஒரு முடிச்சு அவர் போட்டார். பின்னால் நின்ற என் நாத்தனார் புத்திசாலி, சத்தம் காட்டாமல் குனிந்து மற்ற இரண்டையும் போட்டு இறுக்கினாள். கெட்டி மேளம் இல்லை, அட்சதை இல்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன். அவருக்கும் தோள் குலுங்கியது.

முதலில் பார்த்தது தவில்காரர். பதறிப்போய் அவர் அடித்த அடியில் சபை துள்ளி விழுந்தது. யாரோ அட்சதையை அள்ளி வீச, அது பாதி பண்டாரத்தின் தலையில் விழுந்தது. அம்மா ஓடிவந்து என் கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, கட்டியாச்சு, கட்டியாச்சு என்று சிரிக்கவும் அழவும் தெரியாமல் நின்றாள்.

இரண்டு தகப்பன்மாரும் வாயைத் திறந்தபடி நின்றார்கள். ஆனால் எவ்வளவு நேரத்துக்கு? கட்டினது யார் மணிக்கு என்று சம்பந்தி கேட்டார். யாரும் பார்க்கவில்லை. கடிகாரம் மடியில் மூடிக் கிடந்தது. அப்படியானால் எந்த முகூர்த்தத்தில் நடந்தது என்று எப்படித் தெரியும், மறுபடி ஒரு தடவை கட்ட வேண்டியிருக்குமா என்று சித்தப்பா ஆரம்பித்தார். பந்தலில் சிரிப்பு மெல்ல இறங்கியது. சம்பந்தி என் பக்கம் குனிந்தார்.

"நீயே சொல்லும்மா. எந்த நேரத்துல கட்டினான்?"

என்னை ஒருவர் அபிப்பிராயம் கேட்டது அன்றைக்குத்தான். தோட்டத்து மணி என்றால் அப்பாவுக்குக் கஷ்டம், பஞ்சாங்கத்து ஊர் மணி என்றால் சம்பந்திக்குக் கஷ்டம். இரண்டு பேரும் என் வாயையே பார்த்தார்கள்.

"அவர் கட்டிட்டாருல்ல மாமா. அதான் நேரம்" என்றேன்.

அப்பா வாயைத் திறந்தார். இதோ வருகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். இது என்ன பேச்சு, நேரம் என்றால் என்ன தெரியுமா என்று ஆரம்பிக்கப் போகிறார், எல்லாம் திரும்ப முதலிலிருந்து வரும். அவர் என் கழுத்தைப் பார்த்தார், புது மஞ்சள் கயிற்றைப் பார்த்தார். பிறகு சம்பந்தியின் தோளைத் தொட்டார்.

"உங்க வீட்டுப் பொண்ணே சொல்லிட்டா, சம்பந்தி. இனி நான் யாரு, பேச?"

எல்லோரும் ஓ என்று சிரித்தார்கள். சம்பந்தி அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். என்னால் சிரிக்க முடியவில்லை. உங்க வீட்டுப் பொண்ணு. பிறந்ததிலிருந்து அவர் எத்தனை பேரைத் திருத்தி நான் பார்த்திருக்கிறேன், அன்றைக்கு அவர் சொன்னதுதான் தப்பு, சுத்தத் தப்பு. இல்லப்பா, நான் உங்க வீட்டுப் பொண்ணு என்று தொண்டை வரைக்கும் வந்தது. மேளம் காதைப் பிளந்துகொண்டிருந்தது, நான் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது. அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பந்திக்கு இலையின் நுனியை எந்தப் பக்கம் போடுவது என்று தெரியாமல் தப்பாகப் போட்டுக்கொண்டிருந்தவர்களை நோக்கி, டேய் டேய், அது இல்லடா என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.